உறுதி கையில் இருக்கிறது; மண் எங்கே போகிறது?

காணி உரிமையைப் பற்றிப் பேசாத தமிழ் அரசியல் மேடை இந்நாட்டில் இல்லை. பேசவேண்டியதும் நம் கடனே. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வந்து நிரூபிக்க வேண்டும் என்றும், தவறினால் அது அரசின் காணியாகிவிடும் என்றும் அது கூறிற்று. ஊர் கொதித்தெழுந்தது. வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 27ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தி உத்தரவிட்டது. ஒரு தாளில் அச்சான சில வரிகள் நம் நிலத்தைப் பறித்துவிடும் என்று கண்டபோது நாம் விழித்துக்கொண்டோம். அது நமக்குப் பெருமையே.

ஆனால் அதே மாதங்களில், அதே மாகாணத்தில், இரவுதோறும் லொறிகளிலும் உழவியந்திரப் பெட்டிகளிலும் அந்நிலம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வர்த்தமானி இல்லை. மூன்று மாதத் தவணை இல்லை. எதிர்த்து மனுப் போட்டவர்களும் மிகச் சிலரே. எல்லைக் கோடு அசையவில்லை. நில அளவையாளர் நட்ட கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. உறுதி இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கோட்டுக்குள்ளே கிடந்த மண் மட்டும் இல்லை. இதனை நிலம் பறிபோதல் என்று சொல்லாமல் வேறு எவ்வாறு சொல்வது?

நிலத்துக்காகப் போராடும் ஓர் இனம், அந்நிலத்தின் மண் எத்தகையது, எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கற்றோர் அதனைக் கமக்காரரின் கவலையென்று விட்டுவிடுகின்றனர். கமக்காரரோ அதனை அதிகாரிகளின் வேலையென்று விட்டுவிடுகின்றனர். இருவரும் விட்ட இடத்தில் மணல் வியாபாரி நிற்கிறான்.

விதையால் அளந்த நிலம்

நம் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். குடாநாட்டுத் தோட்டக் காணியை நம் முன்னோர் வரகு விதைப்பு என்றும், வயற்காணியை நெல் விதைப்பு என்றும் பிரித்து அளந்தனர். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். ஒரே நீள அகலமுள்ள நிலத்துக்கு இரு வேறு எண்கள் வருவது ஏன்? அந்த நிலத்தில் என்ன விதை எவ்வளவு விழும் என்பதே அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது. கோட்டை அளக்குமுன் அவர்கள் மண்ணை அளந்தனர். காணியோடு கிணற்றுப் பங்கும், நீர் ஓடும் வாய்க்காலும், வழியும் சேர்த்தே எழுதப்பட்டன. மண்ணும் நீரும் ஒரே சொத்து என்ற அறிவு 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுப்பித்த காலத்துக்கும் முற்பட்டது. இன்று நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஹெக்டேரும் வரைபட இலக்கமும் இருக்கின்றன. பழைய அறிவு மாத்திரம் உதிர்ந்துவிட்டது.

இந்த மண் எத்தகையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். கடலடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் கல்லாகிய படிவம் அது. அதன்மேல் போர்த்த மெல்லிய போர்வையே நம் மண். வலிகாமத்தில் அது செம்பாட்டு மண்ணாக இருக்கிறது. சிலவிடங்களில் சில அடி ஆழம், கலட்டிகளில் ஒரு சாண்கூட இல்லை. வடமராட்சியின் கிழக்குக் கரையில், வல்லிபுரம், குடத்தனை, மணற்காடு, அம்பன், நாகர்கோவில் என நீளும் ஊர்களில், அது கடலும் காற்றும் கொண்டுவந்து குவித்த வெண்மணல். 1961இல் மூர்மன், பானபொக்கே என்னும் இரு அறிஞர்கள் இலங்கையின் மண் வகைகளை முறைப்படுத்தியபோது, செம்பாட்டைச் சுண்ணச் செம்மஞ்சள் லற்றசோல் என்றும், கரைமணலை றெகோசோல் என்றும் வகுத்தனர். பெயர் எதுவாயினும் இவ்விரு மண்ணுக்கும் பொதுவான இயல்புகள் சில உள. அவற்றை அறியாதவன் இங்கே கமஞ் செய்யவும் இயலாது; சட்டஞ் செய்யவும் இயலாது.

முதலாவது, இம்மண் நீரைப் பிடித்து வைத்திராது. மழை விழுந்த வேகத்தில் கீழே இறங்கிவிடும். களிமண் வயலில் ஒருமுறை பாய்ச்சிய நீர் பல நாள் நிற்கும். இங்கேயோ வெங்காயப் பாத்திக்குக் கோடையில் சில நாட்களுக்கொரு முறை இறைக்க வேண்டும். இரண்டாவது, உக்கிய இலைதழைகளின் சத்து இம்மண்ணில் குறைவு. வெப்பத்தில் அது விரைவாக எரிந்துபோகிறது. மூன்றாவது, சுண்ணாம்பு மிகுந்தமையால் மண் காரத்தன்மை உடையது. அதனால் பொசுபரசு மண்ணிலே இருந்தும் பயிருக்கு எட்டாது. இரும்பும் நாகமும் கட்டுண்டு கிடக்கும். இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மாத்திரம் பச்சையாக நிற்பதைக் கண்டு பசளை போதாதென்று மேலும் யூரியா போடுகிறவர் பலர். பயிர் கேட்பது வேறு. நாம் கொடுப்பது வேறு.

குறைகளை மட்டுஞ் சொன்னால் நீதியாகாது. இம்மண் இளகியது, வேர் எளிதில் ஓடும், கிழங்கு நன்றாகப் பருக்கும். நீர் தேங்கி வேர் அழுகுவது அரிது. சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, இராசவள்ளி, உருளைக்கிழங்கு, வாழை, முந்திரிகை எல்லாம் இங்கே விளைந்தன, விளைகின்றன. மணற்கரையில் தென்னையும் பனையும் யார் தயவுமின்றி நிற்கின்றன. இவை யாவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. ஆறில்லாத இக்குடாநாட்டில் ஆற்றின் வேலையைச் செய்வது இம்மண்ணே.

மண்ணே நமது குளம்

மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றைத் தவிர நமக்கு ஆறு இல்லை. ஆண்டில் விழும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியிலே கொட்டிவிடுகிறது. அந்த நீரை மணல் உறிஞ்சி, வடித்து, கீழுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் சேர்த்து வைக்கிறது. கடல் நீர் அடியிலே கனமாகக் கிடக்க, நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது இயற்கையின் கணக்கு. அந்த ஓர் அடியை நாம் இறைத்துத் தீர்த்தால், உவர்நீர் நாற்பது அடி மேலேறும் என்பதும் அதே கணக்குத்தான்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அக்காவல் போய்விட்டது. இயந்திரத்தை வெறுக்க வேண்டுவதில்லை. துலா மிதித்த தந்தையின் முதுகை நினைப்பவன் அதனை வெறுக்கவும் மாட்டான். ஆனால் கணக்கு இல்லாத இறைப்பு, வரவு பாராமற் செலவு செய்யும் குடும்பத்தின் போக்கை ஒத்தது.

நம் முன்னோர் இம்மண்ணின் குறையை அறிந்தே அதற்கு மருந்தும் கண்டிருந்தனர். பூவரசும் கிளுவையும் வேலியாக நின்றன; வேலியே பசளைக் களஞ்சியமாயிற்று. குழை தாழ்த்தினர். பனையோலை தாழ்த்தினர். குழை போதாதபோது வன்னியிலிருந்து வண்டிகளில் ஏற்றிவந்தனர். தோட்டத்திலே ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தனர். கலட்டியில் கல்லுடைத்து, வேறிடத்து மண்ணைக் கடகத்திற் சுமந்து பரப்பி, தோட்டம் உண்டாக்கினர். ஆகவே வலிகாமத்துச் செம்பாட்டை இயற்கையின் கொடை என்று மட்டுஞ் சொல்லுதல் பொருந்தாது. அது பல தலைமுறைகளின் உழைப்பு மண்ணாகப் படிந்தது. ஒரு லொறி மண் போகிறதென்றால் போவது அவ்வுழைப்பே.

மூன்று வழிகளில் இழப்பு

முதல் வழி அகழ்வு. காங்கேசன்துறையில் 1950இல் அரசின் சீமெந்து ஆலை தொடங்கிற்று. போரினால் 1990இல் நின்றது. ஆலை பலருக்குச் சோறிட்டது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டிய பெருங்குழிகள் இன்றும் கடலோரத்தில் வாய்பிளந்து கிடக்கின்றன. தோண்டியவர் எவரும் மூடவில்லை. கடலுக்கும் நன்னீருக்கும் இடையே நின்ற கல்லைத் தோண்டியெடுப்பது உவர்நீருக்கு வழி திறப்பதாகும். வடமராட்சிக் கிழக்கிலோ மணற்குன்றுகளே இலக்கு. கட்டட மணலென்றும் கண்ணாடி செய்வதற்கான சிலிக்கா மணலென்றும் அதன்மேற் கண் வைப்போர் பலர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது அக்கரையூர்கள் பட்ட அழிவை நாடறியும். கடலோரத்து மணற்குன்று ஊருக்கு மதில். மதிலைப் பெயர்த்து விற்றுவிட்டு எந்தத் துணிவில் அங்கே உறங்குவது?

சட்டம் இல்லையோ என்று கேட்கலாம். உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி மணலும் சுண்ணாம்புக் கல்லும் கனிப்பொருள்கள். அவற்றின் உடைமை குடியரசுக்கு உரியது. அகழவும், ஏற்றிச் செல்லவும், விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். என் காணி, என் மணல் என்று சொல்லி விற்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் இதே சட்டத்தில் நமக்கு ஒரு குறையும் உண்டு. அனுமதி வழங்குவது மத்திய அரசின் பணியகம். குழியோடு வாழ்வது ஊரவர். அனுமதி கொடுப்பவனுக்கு உவர்நீர் குடிக்க வேண்டிய தேவையில்லை. அதிகாரப் பகிர்வு என்று நாம் கேட்பது மேடைக்கு அழகான சொல் என்பதற்காக அன்று. ஊர் மண்ணை அகழலாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவ்வூரவர்க்கு வேண்டும் என்பதற்காகவே.

இரண்டாவது வழி நஞ்சு. இதிலே பிறரைக் குற்றஞ்சாட்டித் தப்ப முடியாது. இம்மண் பசளையையும் பிடித்து வைத்திராது என்றேன். மேலே தூவிய யூரியாவில் ஒரு பங்கு இக்கார மண்ணில் ஆவியாய்ப் போகிறது. மற்றொரு பங்கு நைத்திரேற்றாக மாறி, நீரோடு வடிந்து, கிணற்றைச் சேர்கிறது. நெருக்கமான ஊர்களில் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே வழியே இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் ஆகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு கடந்துள்ளமை பல்லாண்டு ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. புட்டிப்பாலை அந்நீரிற் கரைத்துக் குடிக்கும் பச்சைக் குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கைக்குழந்தையைக் காக்காத கமம் எவருக்கு வேண்டும்?

சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. அதனை நாம் வரவேற்றோம். ஆனால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கு மணக்கும். அதனால் வழக்கு எழுந்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கு வழக்காளியும் நாமே, எதிரியும் நாமே. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நல்லதே, தாகத்துக்கு நீர் வேண்டும். ஆயினும் மழையை இலவசமாக வடித்துத் தந்த மண்ணைக் கெடுத்துவிட்டு, கடலைப் பணங்கொடுத்து வடித்துக் குடிக்கும் நிலைக்கு நாம் வந்துள்ளோம் என்பதையும் உணர வேண்டும்.

மூன்றாவது வழி முடக்கம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்க்கப்பட்டனர். குடாநாட்டின் மிக நல்ல செம்பாட்டுக் காணிகள் பல அங்கே உள்ளன. கட்டங் கட்டமாகச் சில விடுவிக்கப்பட்டன. முழுவதும் இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. பயிரிடாது, குழை தாழ்த்தாது, கிணறு தூர்ந்து, பற்றை மண்டிய காணி திரும்பி வந்தாலும் அதனைத் தோட்டமாக்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே விடுவிப்போடு நட்டஈடும், மண்ணைச் சீர்செய்யும் உதவியும் சேர்ந்து வரவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

மறுப்புகளுக்கு விடை

வீடு கட்ட மணல் வேண்டாமா என்பர். வேண்டும். போரில் இடிந்த வீடுகளைக் கட்டியெழுப்பிய மக்கள் நாம். ஊருக்கு வேண்டிய மணலை, எங்கே எடுத்தால் கேடில்லையோ அங்கே, எவ்வளவு எடுத்தால் கேடில்லையோ அவ்வளவு, பகலில், ஊரறிய எடுப்பதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. இரவில் எடுப்பதற்கு வீடு காரணமன்று, இலாபமே காரணம்.

பசளையைக் குறைத்தால் விளைச்சல் விழும் என்பர். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, கமக்காரரைத் தெருவில் நிறுத்தி, அவ்வாண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்ட கதை நம் நினைவில் இருக்கிறது. அத்தகைய மூடத்தனத்தை நான் பரிந்துரைக்கவில்லை. மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவை மட்டும், ஒரே தடவையில் கொட்டாது பல தடவையாகப் பிரித்து இடுதல். போட்ட யூரியாவை மண்ணோடு கிளறி மூடுதல். மஞ்சளித்த பயிருக்கு நாகம் அல்லது இரும்புக் குறையா என்று பார்த்து இலையிலே தெளித்தல். குழையையும் எருவையும் மீண்டும் தோட்டத்துக்குக் கொண்டுவருதல். இவற்றால் கமக்காரரின் செலவு குறையுமேயன்றிக் கூடாது.

செய்யத்தக்கன

2025 மே 6ஆந் திகதி நாம் பிரதேச சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தோம். அச்சபைகள் தம் எல்லைக்குள் எங்கெங்கே மணலும் கல்லும் அகழ அனுமதி வழங்கப்பட்டுள்ளது, எவ்வளவு, எந்நாள் வரை என்பதைக் கேட்டுப் பெற்று, சபையின் அறிவித்தற் பலகையிலே மக்கள் படிக்க ஒட்டட்டும். ஒளிவு போனால் பாதித் திருட்டுப் போகும். புதிய வீட்டின் வரைபடத்தை அங்கீகரிக்கும்போது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் காகிதத்தில் மட்டும் பாராது, நிலத்திலே சென்று பார்க்கட்டும். நெருக்கமான ஊர்களில் அடி மூடிய தொட்டியைக் கட்டாயமாக்கட்டும்.

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் மலைநாட்டு மண்ணரிப்புக்கு மட்டும் உரியதென்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1996இல் அது திருத்தப்பட்டபோது உவராதலும் காரமாதலும் அதன் நோக்கத்துள் வந்தன. குடாநாட்டுச் சுண்ண மண்ணுக்கும் மணற்குன்றுகளுக்கும் அச்சட்டத்தின் கீழ் விசேட விதிகள் வேண்டுமென்று நம் பாராளுமன்ற உறுப்பினர் கேட்கவேண்டும். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத் திட்டத்தின் கருத்து, கடலேரிகளை நன்னீராக்கி நிலத்தடி நீரை ஊட்டுவதே. தொண்டைமானாற்றுத் தடுப்பும் அரியாலைத் தடுப்பும் பழுதின்றிப் பேணப்பட வேண்டும். ஊர்க் குளங்கள் தூர்வாரப்பட வேண்டும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. காணிச் சொந்தக்காரர் பலர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்கள் அனுப்பிய அற்றோணித் தத்துவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காணியை விற்காமலே அதன் மண்ணை விற்றுவிடும் காரியம் நடக்கிறது. நாம் எழுதும் ஒவ்வொரு அற்றோணித் தத்துவத்திலும், ஒவ்வொரு குத்தகை உறுதியிலும், மண், மணல், கல் ஆகியவற்றை அகற்றும் அதிகாரம் இதனால் வழங்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தெழுதுவோம். அதற்குப் பாராளுமன்றப் பெரும்பான்மை வேண்டியதில்லை. கொழும்பின் அனுமதியும் வேண்டியதில்லை. நாளை காலையே தொடங்கலாம். வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்களும் ஆண்டுக்கொருமுறை காணியின் எல்லையை மட்டுமன்றி அதன் மட்டத்தையும் பார்த்துவரச் சொல்லி உறவினரைக் கேட்கட்டும்.

அரசு நம் நிலத்தைப் பறிக்க வந்தால் நாம் நீதிமன்றம் செல்வோம், வீதியில் இறங்குவோம். அந்த உறுதி குன்றக் கூடாது. ஆனால் நாம் வென்று மீட்ட காணியில் நம் பிள்ளைகள் கால்வைக்கும்போது, அங்கே உவர்க் கிணறும் வெறுங் குழியுமே கிடக்குமாயின், அவர்கள் நம் வெற்றியை என்னவென்று அழைப்பார்கள்? உறுதியைக் காத்த கை மண்ணையும் காக்கட்டும்.